தேவானந்தம் சார் விட்ட கப்பல்

எங்கள் கிருபா நகர் முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. மேற்குத் தாம்பரம் என்று விலாசத்தில் போட்டுக்கொள்வோம். தாம்பரத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. கோவளத்துக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் ஐஸ் கரைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் எங்களுக்கு ஒரு கப்பல் இன்ஜினியர் வாய்த்தார். பெயர் தேவானந்தம். எனக்குப் பக்கத்து வீடு.

கப்பல் இன்ஜினியர் என்றால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தான். ஆறு மாதம் கடலில் இருப்பார், ஆறு மாதம் வீட்டில் இருப்பார், வரும்போது சென்ட் பாட்டிலும் சாக்லெட்டும், ரகசியமாக விஸ்கியும் கொண்டுவருவார். தேவானந்தம் சார் அந்த ரகம் இல்லை. அவர் கப்பலில் போகிறவர் அல்ல, கப்பலைக் கட்டுகிறவர். வீடு கட்டிய கொத்தனார் அந்த வீட்டில் குடியிருக்கிறாரா என்ன? இதை அவர் வாழ்நாள் முழுக்க விளக்கிக்கொண்டிருக்கிறார். கேட்கிறவர்கள் பொறுமையாகத் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப அடுத்த தடவை போறப்ப நல்ல டார்ச் லைட் ஒண்ணு" என்பார்கள்.

சரோஜினி அம்மா வீட்டாரும் இந்தக் குழப்பத்தில்தான் பெண் கொடுத்தார்கள். அவருடைய அப்பா பல்லாவரத்தில் தலைமை ஆசிரியர். மாப்பிள்ளை ஜப்பான், சிங்கப்பூர் எல்லாம் போய் வருவார் என்று சர்ச்சில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்துவிட்டார். சரோஜினி அம்மா இதை இன்றைக்கும் சிரிக்காமல் சொல்வார். "கல்யாணமான புதுசுல எங்கப்பா கேட்டார், மாப்ள, உங்க கப்பல் எப்ப கெளம்புதுன்னு. இவர் சொல்றார், இன்னும் இரும்புத் தகடே வரல மாமான்னு. எங்கப்பா அப்படியே உக்காந்துட்டார்."

தகடு வராததுதான் தேவானந்தம் சாரின் வாழ்க்கை வரலாறு. அப்பா தாம்பரம் மின்ரயில் பணிமனையில் ஃபிட்டர். மகனும் ரயில்வேயில் சேர்ந்து குவார்ட்டர்ஸ் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பான் என்று அவர் நினைத்தார். மகன் நன்றாகப் படித்துத் தொலைத்தான். கரக்பூர் ஐஐடிக்குப் போய்க் கப்பல் வடிவமைப்புப் படித்துவிட்டு, கிழக்குக் கரையில் ஒரு கப்பல் கட்டும் தளத்தின் வரைபட அறையில் போய் உட்கார்ந்தார். முதலில் ஒரு சரக்குக் கப்பல் வரைந்தார். வரைந்து முடித்த மாதம், ஆர்டர் கொடுத்த கம்பெனியே இல்லாமல் போய்விட்டது. அடுத்து ஒரு தூர்வாரும் கப்பல். தேங்காய் உடைத்து, மந்திரி பேசி, அடிப்பாகம் வைத்தார்கள். அதற்கப்புறம் மந்திரி மாறினார். புது மந்திரிக்குத் தூர்வாருவதில் ஆர்வம் இல்லை. தகடுகளை வெட்டி அலுவலகத்துக்கு கேட் செய்தார்கள். சார் தினமும் அந்த கேட் வழியாகத்தான் வேலைக்குப் போனார்.

மூன்றாவது கப்பல் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டது. தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகிற கப்பல். உடம்பு முழுக்க எழும்பிவிட்டது, பெயிண்ட்கூட அடித்தார்கள். அதற்குள் அது யாருடைய கப்பல் என்று இரண்டு துறைகளுக்குள் தகராறு. தகராறு தீரும்வரை தண்ணீரில் இறக்கக் கூடாது என்று உத்தரவு. சார் ராஜினாமா செய்த அன்றும் அது கரையில்தான் நின்றது. உள்ளே புறாக்கள் குடும்பம் நடத்தின.

அதன் பிறகுதான் அவர் இயந்திரவியல் அறிஞரானார். இரும்பு தேவையில்லை, மந்திரி தேவையில்லை, பேப்பரும் பென்சிலும் போதும் என்று அந்தப் பக்கம் போயிருப்பார் என்பது என் ஊகம். மிதக்கிற ஒன்று சாய்ந்தால், அது தானாக நிமிருமா, நிமிராதா? இந்த ஒரு கேள்விக்குத்தான் டாக்டர் பட்டம். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையை நார்வேயில் ஒருவர் படித்துவிட்டுப் பாராட்டி மெயில் அனுப்பினார். இந்த விஷயம் நகரில் பரவியதும் எல்லோருக்கும் அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது. நார்வேயில் பையனுக்கு வேலை சொல்ல முடியுமா என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். முடியாது என்று தெரிந்ததும் மதிப்பு பழைய இடத்துக்கே போய்விட்டது.

மிச்ச வருஷங்களை ஜிஎஸ்டி சாலையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஓட்டினார். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ். கம்ப்யூட்டர் படிக்க வந்த பிள்ளைகளிடம் ஏணி வழுக்குவதைப் பற்றியும் கப்பி சுழல்வதைப் பற்றியும் பேசினால் என்ன ஆகும்? வகுப்பு வகுப்பாக ஃபெயில் ஆனார்கள். "அரியர் அப்பா" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். எங்கள் தெரு ஸ்டெபின் அந்த ஒரு பேப்பரை எத்தனை முறை எழுதினான் என்பது அவனுக்கே நினைவில்லை. இன்றைக்கு அவன் சோழிங்கநல்லூரில் பெரிய கம்பெனியில் இருக்கிறான். மெக்கானிக்ஸ் என்ற சொல்லைக் கேட்டால் இப்போதும் முகம் வெளுக்கும். கடைசியில் கல்லூரி அந்தத் துறையையே மூடிவிட்டது; காலியான கட்டடத்தில் இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு சொல்லித்தருகிறார்கள். சாருக்கு ஒரு சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒருநாள் சாயங்காலம் மொட்டைமாடியில் இருவரும் அவரவர் சுவர் ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவராகவே சொன்னார். "அனந்தகிருஷ்ணன் சார், நான் மூணு கப்பல் வரைஞ்சேன். ஒண்ணுகூடத் தண்ணியைப் பாக்கல. தப்பா வரைஞ்சு முழுகியிருந்தாக்கூடப் பரவாயில்ல, தப்புன்னாவது தெரிஞ்சிருக்கும். சாகறதுக்குள்ள நான் வரைஞ்ச ஏதோ ஒண்ணு தண்ணியில மிதக்கறதைப் பாத்துட்டாப் போதும்."

நான் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவன். நான் இழுத்த கம்பி வழியாக ஊரே பேசியது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் 2015 வெள்ளம் வந்தது. அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்களை மாடியிலிருந்து இறக்கினார்கள். தண்ணீர் வடிந்து, சேறு அள்ளி, ஃபிரிட்ஜ், கட்டில் எல்லாவற்றையும் தெருவில் போட்ட பிறகு, குடியிருப்போர் நலச் சங்கம் கூடியது. தலைவர் சுப்ரமணியன் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத் தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெறும் உத்தேசம் அவருக்கு இல்லை.

"நமக்குன்னு சொந்தமா ஒரு படகு வேணும்" என்றார் தலைவர். "எந்த நகர்லயும் இல்லாத விஷயம். அதுவும் நம்மகிட்ட கப்பல் இன்ஜினியரே இருக்கும்போது நாம ஏன் வெளியில போகணும்?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பின் வரிசையில் தேவானந்தம் சார் ஏற்கெனவே பேப்பரில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார்.

சரோஜினி அம்மாவுக்கு இஷ்டமில்லை. "வேண்டாங்க. அரசாங்கமே முடிக்காததை இந்தச் சங்கமா முடிக்கப்போவுது? மறுபடி மனசு விட்டுப்போய் நிப்பீங்க" என்று என் எதிரிலேயே சொன்னார். சார் காதில் வாங்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவருக்கு வயது குறைந்துவிட்டது. திருமுடிவாக்கத்தில் தனசிங் என்பவரின் பட்டறையைக் கண்டுபிடித்தார். தனசிங் ஃபைபரில் தண்ணீர்த்தொட்டியும் பாத்ரூம் கதவும் செய்கிறவர். தண்ணீரை உள்ளே வைக்கிற பொருள்தான் அவருக்குப் பழக்கம்; வெளியே வைக்கிற பொருள் இதுதான் முதல் தடவை. சார் தினமும் பஸ் பிடித்துப்போய் அவர் தலைமாட்டிலேயே நின்றார்.

வந்த தொல்லை பட்டறையிலிருந்து அல்ல, சங்கத்திலிருந்து. படகு என்று முடிவானதும் ஆளுக்கொரு யோசனை. வெயிலுக்கு மேலே கூரை வேண்டும் என்றார் ஒருவர். வெள்ளத்தில் ஏது வெயில் என்று யாரும் கேட்கவில்லை. நன்கொடையாளர் பெயர்களுக்கு முன்பக்கம் ஓர் ஆர்ச், அறிவிப்புச் செய்ய மைக் செட். தலைவர் தன் பங்குக்கு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டார். "சார், பெரியவங்களை எப்படி சார் அடியில உக்காரச் சொல்றது? எனக்கே முட்டி மடங்காது."

அடுத்த கூட்டத்துக்கு சார் ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். அதில் ஒரு சோப்பு டப்பாவை மிதக்கவிட்டு, உள்ளே டார்ச் லைட் பேட்டரிகளைப் படுக்கவைத்தார். டப்பா பேசாமல் மிதந்தது. அதே பேட்டரிகளை எடுத்து நிமிர்த்தி வைத்தார். டப்பா ஒரு கணம் யோசித்துவிட்டுக் குப்புற விழுந்தது.

"அவ்வளவுதான் விஷயம்" என்றார். "எடை கீழ இருக்கணும். கூரை, நாற்காலி, ஆர்ச் எதுவும் கிடையாது. எல்லாரும் அடியில உக்காரணும். யாரும் எழுந்து நிக்கக் கூடாது. இதுக்கு ஒத்துக்கலைன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவரிடம் கையெழுத்து எதையும் யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த மிரட்டல் நன்றாக வேலை செய்தது. படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். ஒருவர் பாக்கியில்லாமல் கையைத் தூக்கினோம். படகின் பக்கவாட்டில் அந்த வாசகத்தை எழுதவும் எழுதினோம். நன்கொடையாளர் பெயர்கள் போக மிச்சமிருந்த இடத்தில், கொஞ்சம் பொடி எழுத்தில்.

படகு ஓட்டுவதற்கு சேட்டுவைப் பிடித்தோம். பக்கத்துக் கிராமத்துக்காரர். எங்கள் நகரின் குழாய், மோட்டார், கழிவுநீர் அடைப்பு எல்லாம் அவர் பொறுப்பு.

"போட்டு ஓட்டத் தெரியுமா சேட்டு?" என்று தலைவர் கேட்டார்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்ட? மாமியார் வூடே கோவளத்துல கீது. மச்சான் போட்டுல ரெண்டு வாட்டி கடலுக்குப் போயி வந்துகிறேன்."

"ஒண்ணும் ஆகலையே?"

"ரெண்டு வாட்டியும் வாந்தி சார். மத்தபடி ஷோக்கா போச்சு."

அந்தத் தகுதியே போதும் என்று நியமித்துவிட்டோம்.

படகு வந்து சேர்ந்தது சித்திரையில். தண்ணீரில் இறக்கிச் சோதித்துப் பார்க்காமல் எந்தக் கலத்தையும் ஏற்கக் கூடாது என்று சார் ஒற்றைக்காலில் நின்றார். நியாயமான பேச்சு. ஏரிக்குத் தூக்கிப்போனோம். ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. அதை எருமைகள் பிடித்துவைத்திருந்தன. கார்த்திகையில் கட்டிலை மூழ்கடிக்கிற ஊரில், சித்திரையில் ஒரு படகை நனைக்கத் தண்ணீர் இல்லை. கோவளம் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோகலாம் என்று சார் கெஞ்சினார். சங்கச் சொத்து நகர எல்லையைத் தாண்டக் கூடாது என்று தலைவர் மறுத்துவிட்டார். வங்கி லாக்கர் ஞாபகம் அவருக்கு.

வந்ததற்கு அடையாளமாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். காய்ந்த சேற்றில் படகை வைத்து, செயற்குழு முழுவதும் உள்ளே ஏறி நின்று சிரித்தோம். சார் மட்டும் வெளியே நின்று, "உக்காருங்க, தயவுசெஞ்சு உக்காருங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். "தண்ணிதான் இல்லையே சார்" என்றார் தலைவர், கேமராவைப் பார்த்தபடி.

அதற்கப்புறம் படகு சங்க அலுவலகத்துக்குப் பக்கத்துக் காலிமனையில் குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் வடகம் காய்ந்தது. தேர்தலுக்குத் தேர்தல் போஸ்டர் ஏறியது. சார் வாரம் ஒருமுறை போஸ்டரைச் சுரண்டிவிட்டு, விரிசல் இருக்கிறதா என்று தட்டிப்பார்த்துவிட்டு வருவார்.

எங்கள் பக்கத்தில் ஐப்பசி பிறந்தால் எல்லோரும் கைபேசியில் வானிலை பார்ப்போம். வங்காள விரிகுடாவில் ஒரு சுழி தெரிந்தால் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்துவோம். தேவானந்தம் சாரும் பார்ப்பார். நாங்கள் சாமான்களை மாடிக்கு ஏற்றும் நேரத்தில் அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். சுழி ஆந்திராவுக்குத் திரும்பிவிட்டது என்று நாங்கள் பெருமூச்சு விடும்போது, அவரும் ஒரு பெருமூச்சு விடுவார். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அவர்மேல் கோபம்கூட வந்திருக்கிறது. என் வீட்டுத் தரைத்தளம் முழுக்கச் சேறானது அவருக்கும் தெரியுமே.

ஒரு வருஷம் அவர்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. மறுநாள் சரோஜினி அம்மா சுவர் ஓரம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அனந்தகிருஷ்ணன் சார், இந்த அநியாயத்தைக் கேளுங்க. இந்த ஊரை வெள்ளத்துக்கு விலக்கிக் காத்தருளும்னு சர்ச் ஐயர் ஜெபம் பண்றார். எல்லாரும் ஆமென் சொல்றாங்க. இவர் வாயைத் திறக்கல. பக்கத்துலதான் இருக்கேன், எனக்குத் தெரியாதா? அப்புறம் புடிச்சு வச்சுக் கேட்டேன். என்ன சொல்றார் தெரியுமா? முழுசாக் கேக்கல சரோ, முழங்கால் அளவுதான் கேட்டேன், படகு மெதக்க அது போதும்னு சொல்றார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "பாவம், அவரும் எத்தனை வருஷம்தான் சார் கரையிலேயே நிப்பார்" என்றார்.

முழங்கால் அளவு கேட்டவருக்கு, அடுத்த புயலில் நெஞ்சளவு கிடைத்தது. இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது, தெரு இல்லை. கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. முடிச்சூர் சாலைப் பக்கம் மேட்டில் இருக்கிற சர்ச் ஹாலில் சமையல் நடக்கிறது, எல்லோரும் அங்கே வந்துவிடலாம் என்று செய்தி வந்தது. காலிமனைக்குச் சேட்டுவும் ஸ்டெபினும் நீந்திப்போய்ப் படகைப் புரட்டினார்கள்.

நான் என் மாடி வராந்தாவில் நின்றேன். பக்கத்தில் அவர் மாடியில் சார் நின்றார், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. படகு ஒருமுறை ஆடியது. நீர் சொட்டச்சொட்ட நிமிர்ந்தது. காலிமனைச் சுவரைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. இத்தனை வருஷம் வடகம் காய்ந்த சாமானா இது என்று எனக்கே மலைப்பாக இருந்தது.

"ஸ்டெபின்!" என்று சார் கத்தினார். குரல் பிசிறியது. "பக்கத்துல கணக்குப் பண்ணி சிவப்பா ஒரு கோடு போட்டிருக்கேன் பாரு. தண்ணி அதுக்கு மேல நிக்குதா, கீழ நிக்குதா?"

"மெதக்குது சார், அது போதாதா?" என்றார் சேட்டு.

"போதாதுப்பா! கோட்டைப் பாத்துச் சொல்லு!"

ஸ்டெபின் குனிந்து பார்த்தான். அரியர் பேப்பரில் விடை எழுதுகிற கவனத்தோடு பார்த்தான். "கோட்டுலயே நிக்குது சார்! அப்படியே கரெக்டா இருக்கு!"

சார் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சரோஜினி அம்மா அவர் தோளில் கைவைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து, "அழட்டும் விடுங்க" என்பதுபோல் சைகை காட்டினார்.

அன்று காலை முழுவதும் படகு போய்ப்போய் வந்தது. முதல் நடையில் ஏறியவர்கள் உயிர்ப்பயத்தில் படகின் அடியோடு ஒட்டிக்கொண்டார்கள். நிற்காதே என்று யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. நாற்காலி கேட்ட தலைவரே முட்டியை மடக்கி, பக்கத்து வீட்டுச் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சேட்டு மட்டும் பின்னால் தண்ணீரில் நடந்தபடி தள்ளினார். மோட்டார் இருந்தது. அதைப் போட்டால் தனக்கு வாந்தி வரும் என்றார்.

கடைசி நடையில் நான் ஏறினேன். தலைவரும் ஸ்டெபினும் எங்களுக்கு உதவியாக மறுபடி வந்திருந்தார்கள். எல்லாம் சேர்த்துப் பத்துப் பேர் இருப்போம். சாரும் சரோஜினி அம்மாவும்தான் பாக்கி. படகு அவர்கள் வீட்டு வெளிப்படிக்கட்டில் போய் முட்டியது. சார் இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், காலில் ஷூ. பேன்ட்டும் ஷூவும் நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் தண்ணீரில் மூழ்கியிருந்த படியில் இறங்கி, படகின் விளிம்பில் கையை வைத்தார்.

அந்த நேரத்தில் எங்களுக்குப் பயம் போயிருந்தது. அதுதான் வினை. காலையிலிருந்து எங்களைக் காப்பாற்றியது இந்த மனுஷன் செய்த பொருள் என்று ஒவ்வொருவருக்கும் உறைத்தது. ஸ்டெபின் எழுந்தான். "வாங்க சார்" என்றான். வகுப்பில் வாத்தியார் நுழைந்தால் எழுகிற பழக்கம், அவன் காலே எழுந்துகொண்டது. அவன் எழுந்ததும் அவன் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். பெரியவர் ஒருவர் வரும்போது மற்றவன் எழுந்து நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் என்ன மரியாதை? நானும் எழுந்தேன். பிறந்ததிலிருந்து யாருக்காகவும் எழுந்திருக்காத தலைவர், அன்றைக்கென்று எழுந்து கும்பிட்டார்.

"உக்காருங்க!" என்று சார் அலறினார். "எல்லாரும் உக்காருங்க!"

நம் ஊரில் பெரியவர் உட்காரச் சொன்னால் யாராவது உட்காருவார்களா? அது அவருடைய பெருந்தன்மை. இன்னும் விறைப்பாக நிற்பதுதான் நம்முடைய பண்பு. "பரவாயில்ல சார், நீங்க முதல்ல உக்காருங்க" என்றோம் பத்துப் பேரும் ஏறக்குறைய ஒரே குரலில்.

படகு ஒரு கணம் யோசித்தது. அப்புறம் எங்களைக் கொட்டியது.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. நெஞ்சளவுத் தண்ணீர்; விழுந்தவர்கள் எல்லோரும் இருமிக்கொண்டே எழுந்து நின்றோம். தலைவருடைய கைபேசி போயிற்று. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர்தான் முதலில் ஆரம்பித்தார். "என்ன சார் இது? உங்க டிசைன்ல ஏதோ கோளாறு இருக்கே!"

தேவானந்தம் சார் படியிலேயே நின்றார். அவர் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. "கோளாறா?" என்றார். "எட்டுப் பேர் நின்னாலே கவிழணும்னு கணக்கு. நீங்க பத்துப் பேர் நின்னீங்க. கவுந்துது. கணக்கு சரி சார், கணக்கு சரியாத்தான் இருக்கு! நாப்பது வருஷமா ஒரு கப்பல், ஒரே ஒரு கப்பல்... நான் இன்னும் அதுல ஏறக்கூட இல்லை. உக்காருன்னா உக்கார மாட்டீங்களா நீங்க?"

தண்ணீரில் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். ஸ்டெபின் கைகட்டிக்கூட நின்றான்.

மேலே படியிலிருந்து சரோஜினி அம்மா பேசினார். ஒரு கையில் பை, ஒரு கையில் குடை. "ஸ்டெபின், அந்தப் படகை நிமித்து. சேட்டு, தண்ணியை மொண்டு ஊத்துப்பா. வேற யாரும் ஏற வேண்டாம். நீங்கல்லாம் எங்க நிக்கறீங்களோ அங்கயே நில்லுங்க. இப்ப அவர் ஏறட்டும்."

நிமிர்த்தினோம். கையில் கிடைத்த பக்கெட்டால் தண்ணீரை இறைத்தோம். விளிம்பை இரண்டு பக்கமும் பத்துப் பேர் பிடித்துக்கொண்டோம். சார் ஏறினார். நடுவில் போய் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சரோஜினி அம்மா எதிரே உட்கார்ந்து, மழையே இல்லாவிட்டாலும் குடையை விரித்துக்கொண்டார். சேட்டு பின்னாலிருந்து தள்ள, படகு நகர்ந்தது.

சார் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. விளிம்புக்கு வெளியே கையை விட்டுத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே வந்தார். அந்த முகத்தை நான் நெருக்கத்தில் பார்த்தேன். இந்தத் தடவை திரும்பிக்கொள்ளவில்லை.

சர்ச் ஹாலுக்கு இரண்டே தெரு. முதல் தெரு முடிந்துவிட்டது. எங்களுக்குக் குளிரில் பல் கிட்டியது. மேட்டிலிருந்து உப்புமா வாசனை வேறு வந்தது. எல்லோரும் வேகமாகத் தள்ளினோம்.

"சேட்டு" என்றார் சார். யாரிடமும் எதையும் கேட்டு வாங்கிப் பழக்கமில்லாத குரல். "நேராப் போகணுமாப்பா? மூணாவது தெரு வழியா ஒரு சுத்து சுத்திட்டுப் போலாமா?"

சேட்டு எங்களைப் பார்த்தார். நாங்கள் தலைவரைப் பார்த்தோம். தலைவர் நெஞ்சளவுத் தண்ணீரில் தட்டுத்தடுமாறி முன்பக்கம் போய், படகின் மூக்கைப் பிடித்து, மூன்றாவது தெருப் பக்கம் திருப்பினார்.